ஆறு மாதம் அமெரிக்கா, பாதிச் சம்பளம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டைப் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வெளிநாடு போகிறவர்கள், வேலைக்கு வருபவருக்கு என்ன கொடுத்துவிட்டுப் போக வேண்டும்? சென்னையில் ஒவ்வொரு கோடையிலும் இந்தக் கேள்வி எழுகிறது. மகளின் பிரசவத்துக்கோ பேரனைப் பார்த்துக்கொள்ளவோ அமெரிக்கா கிளம்பும் பெற்றோர் பெரும்பாலும் ஆறு மாதக் கணக்கில்தான் போகிறார்கள். வருகை விசாவில் இறங்குபவரை அங்கே வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க விடுகிறார்கள். டிக்கெட்டும் அதற்கேற்பவே போடப்படுகிறது. மூன்று வாரம் என்றால் சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆறு மாதம் என்றால் பேசியாக வேண்டும். ஆனால் இரு தரப்புக்கும் பேசக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் விளைந்த ஒரு தகராறுதான் இது.

நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சம்பளப் பிரச்சினை என்றால் அக்கம்பக்கத்தில் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த விவகாரத்தில் இரு தரப்புமே என்னைப் பேசச் சொன்னார்கள், எழுதவும் சம்மதித்தார்கள். பெயர்களையும் வீட்டு அடையாளத்தையும் விட்டிருக்கிறேன்.

இரு தரப்பு

அடையாறில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. அங்கே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற அவர் கணவர். வேலைக்கு வருபவர் அந்த அம்மையாரை 'டீச்சரம்மா' என்று அழைப்பார். நானும் டீச்சர் என்றே குறிப்பிடுகிறேன். வேலைக்கு வருபவரைப் பணியாளர் என்கிறேன். பதினோரு வருடமாக அந்த வீட்டுக்கு வருகிறவர். காலை ஏழரை மணிக்கு உள்ளே வந்தால் ஒன்பதரை வரை வேலை: இரவுப் பாத்திரம் துலக்குவது, பெருக்கித் துடைப்பது, வாஷிங் மெஷினில் இருந்து துணியை எடுத்து மாடியில் உலர்த்துவது, காய் நறுக்கித் தேங்காய் துருவிக் கொடுப்பது. மாதம் 5,000 ரூபாய். அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகள், ஒன்றில் 3,500, மற்றொன்றில் 3,000. ஆக மொத்தம் 11,500.

முன்பு அவர் குடியிருந்தது அடையாற்றின் கரையில். பத்து நிமிடம் நடந்தால் டீச்சர் வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் இருந்து சென்னையின் தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. எட்டு மாடிக் கட்டடத்தில் வீடு கிடைத்தது, ஆனால் வேலை அடையாறிலேயே நின்றுவிட்டது. இப்போது விடிவதற்குள் சோறு வடித்து வைத்துவிட்டு ஆறு மணிக்கு பஸ் பிடிக்கிறார். சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காசு மிச்சம். நேரம் மிச்சமில்லை.

இதை எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், ஏழரை மணி வீடு ஒன்று கையில் இருப்பதால்தான் அந்த ஆறு மணிப் பஸ்ஸுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. அந்த வீடு இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்கு அவர் பத்து மணிக்கு வந்தால் போதும். அந்த இரண்டு மணி நேரத்தைப் பெரும்பாக்கத்தில் இருந்துகொண்டு வேறு எவருக்கும் விற்க முடியாது. அடையாறில் வேறொரு வீடு பிடித்தால்தான் உண்டு.

என்ன பேசினார்கள்

2024 மே கடைசியில் டீச்சரும் கணவரும் கிளம்பினார்கள். நேரில் பேசியதை இருவரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். நல்லவேளையாக, விமான நிலையத்தில் இருந்து டீச்சர் அனுப்பிய குரல் செய்தி ஒன்று பணியாளரின் கைபேசியில் அழியாமல் இருந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க அதை இரண்டு முறை போட்டுக் கேட்டோம். பின்னணியில் அறிவிப்புச் சத்தம். அதற்கு நடுவே டீச்சரின் குரல்: "மாதா மாதம் பாதி போட்டுவிடுகிறேன். வாரம் ஒரு நாள் வீட்டைத் திறந்து பார்த்துக்கொள். வந்ததும் பழையபடி ஆரம்பித்துவிடலாம்."

இவ்வளவுதான் ஒப்பந்தம். டீச்சரின் மனத்தில் இது ஒரு முழு ஏற்பாடு: மாதம் 2,500 ரூபாய், அதற்கு வாரம் ஒருமுறை வீட்டைப் பார்க்க வேண்டும், ஏழரை மணியை எனக்காக ஒதுக்கி வைக்க வேண்டும். பணியாளருக்கு விளங்கியது வேறு. 2,500 ரூபாய் சனிக்கிழமை வேலைக்கானது. டீச்சரம்மா திரும்பி வந்தால் மறுபடி அந்த வீட்டுக்குப் போகலாம். நடுவில் உள்ள காலைகள் தன்னுடையவை. 'பழையபடி' என்று டீச்சர் சொன்னதில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. அவரும் கேட்கவில்லை.

ஜூனில் 2,500 வந்தது. பள்ளி, ஐடிஐ இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டிய மாதம் அது. மகளிர் சுயஉதவிக் குழுக் கடனுக்கு மாதம் 2,400 தவணை வேறு. கணவர் பெயின்டர்; மழைக்காலம் வரைக்கும்தான் அவருக்கு வேலை நிச்சயம். பணியாளர் தெரிந்தவர் ஒருவரிடம் வட்டிக்கு வாங்கிச் சமாளித்தார். ஜூலையிலும் பணம் வந்தது. ஆகஸ்டில் வரவில்லை. காரணம் அற்பமானது: இந்திய எண்ணுக்கு ரோமிங் போடவில்லை, வங்கியின் ஓடிபி வரவில்லை. டீச்சரின் கணவர் வேளச்சேரியில் இருக்கும் அண்ணன் மகனிடம் கொடுத்துவிடச் சொன்னார். அந்தப் பிள்ளை நாளை நாளை என்று இழுத்து, 24ஆம் தேதி அனுப்பினான்.

அதற்குள் பக்கத்துத் தெருவில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி ஆள் தேடினார்கள். காலை ஏழரையில் இருந்து ஒன்பதரை, 6,000 ரூபாய். பணியாளர் ஒப்புக்கொண்டார். டீச்சருக்குச் சொல்லவில்லை. இந்த இடத்தில் அவர் பக்கம் தவறு இருக்கிறது என்பதை அவரிடமே சொன்னேன். சொன்னால் பாதிச் சம்பளமும் நின்றுவிடுமோ என்று பயந்ததாக ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமைகளை மட்டும் அவர் விடவில்லை. ஜன்னல் திறந்து, பெருக்கி, குழாய்களை ஓடவிட்டு, துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். அக்டோபர் மழையின்போது சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் விட்டுப்போய் அலமாரி முழுக்கத் தண்ணீர். பிளம்பரைக் கூப்பிட்டு, கையில் இருந்து 400 ரூபாய் கொடுத்துச் சரிசெய்து, நனைந்த சாமான்களை எடுத்துக் காயவைத்து, திரும்ப அடுக்கியிருக்கிறார். அந்தத் தண்ணீர் இன்னொரு வாரம் நின்றிருந்தால் மர அலமாரியை மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

அக்டோபர் 31 தீபாவளி. மற்ற இரண்டு வீடுகளிலும் வழக்கம்போல் ஒரு மாதச் சம்பளம் போனஸ், ஒரு புடவை. டீச்சர் வீட்டில் இருந்து வாழ்த்துச் செய்தி மட்டும் வந்தது. ஊருக்குப் போனதும் கையில் கொடுக்கலாம் என்று டீச்சர் நினைத்திருந்தார். பட்டாசுக்கும் துணிக்கும் நவம்பர் கடைசி வரை யாரால் காத்திருக்க முடியும்?

நவம்பரில் திரும்பி வந்த மறுநாள் காலை டீச்சர் ஏழரைக்குக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். பணியாளர் வந்தது பதினொன்றே முக்காலுக்கு. விஷயம் வெளியே வந்தது. "பாதிச் சம்பளம் வாங்கிக்கொண்டே வேறு வீடு பிடித்திருக்கிறாய்" என்று டீச்சர் சொன்ன ஒரு வாக்கியம் மாடிப்படி முழுக்கக் கேட்டது. பணியாளர் சாவியைக் கைக்குட்டையில் இருந்து அவிழ்த்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். டீச்சர் அதை எடுக்கவில்லை. நான் நான்கு நாள் கழித்துப் போனபோதும் சாவி அதே இடத்தில்தான் கிடந்தது.

இரண்டு கணக்கு

டீச்சர் கணக்கில் கெட்டிக்காரர். ஆறு மாதத்துக்கு 15,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன், இருபத்தாறு சனிக்கிழமை வந்திருக்கிறாள், ஒரு தடவை வந்து பெருக்கியதற்கு 577 ரூபாய் ஆகிறது, ஊரில் யார் இவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டார். ஆகவே மிச்சப் பணம் காலை நேரத்தை ஒதுக்கி வைப்பதற்காகத்தானே? நியாயமான கேள்வி.

பணியாளர் காகிதத்தில் எழுதிக் கணக்குப் போடுவதில்லை, ஆனால் அவர் சொன்னதும் கணக்குதான். ஏழரை மணியைச் சும்மா வைத்திருந்தால் மாதம் 2,500 எனக்கு நட்டம், அதை நான் எதற்குத் தாங்க வேண்டும்? டீச்சரம்மா இல்லாததற்குக் காரணம் நானா?

மூன்றாவதாக ஒரு கணக்கை டீச்சரின் கணவர் போட்டார். அவரைப் பெரியவர் என்கிறேன். புது வீட்டில் மூன்று மாதத்தில் 18,000 வந்திருக்கிறது, நம்மிடம் இழந்தது 15,000, ஆக அவளுக்கு லாபம்தானே என்றார். இதை நான் ஏற்கவில்லை. அந்த 18,000 அவர் வேறொரு வீட்டில் கை நோகப் பாத்திரம் துலக்கிச் சம்பாதித்த கூலி. அதை எடுத்து இந்த வீட்டுக் கடனில் கழிக்க முடியாது.

எனக்குத் தெரிந்தவரை, தகராறின் வேர் பணத்தின் அளவில் இல்லை. பாதிச் சம்பளம் எதற்கான விலை என்பதை யாரும் சொல்லாததில் இருக்கிறது. வேலை நடக்காத மாதத்தில் கொடுக்கும் பணம் ஒருவருடைய நேரத்தைப் பிடித்து வைப்பதற்கான விலை. நேரம் முழுதாக வேண்டுமென்றால் விலையும் முழுதாகத்தான் இருக்க முடியும். ஏழரையில் இருந்து ஒன்பதரை வரை உள்ள நேரத்தில் பாதியை அவர் வேறு எங்கே விற்பார்? இதே தம்பதி குடியிருப்புப் பராமரிப்புக் கட்டணம் மாதம் 3,500 வீதம் ஆறு மாதமும் முழுதாகக் கட்டினார்கள். 21,000 ரூபாய். லிஃப்டில் ஏறவில்லை, தண்ணீர் புழங்கவில்லை என்று பாதி கேட்கத் தோன்றவில்லை. இதை நான் சொன்னபோது டீச்சருக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தணிந்தது.

பாதி எங்கிருந்து வந்தது

எங்கள் பகுதியில் இந்தப் பாதி என்ற எண் கொரோனா காலத்து மிச்சம். 2020 மார்ச் 19 அன்று தொலைக்காட்சியில் பேசிய பிரதமர், வேலைக்கு வர முடியாதவர்களின் சம்பளத்தைப் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பல வீடுகளில் ஏப்ரலுக்கு முழுச் சம்பளம், மே மாதம் பாதி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்று போனது. அப்போது எல்லா வீட்டுக் கதவும் மூடியிருந்தது. வேலை செய்பவருக்கு வேறு வீடு பிடிக்க வழியே இல்லை. வாங்கிய பாதி உதவியாக இருந்தது. 2024இல் பக்கத்துத் தெருவில் 6,000 ரூபாய்க்கு ஆள் தேடுகிறார்கள். அன்றைய எண்ணை அப்படியே இன்றைக்குக் கொண்டுவர முடியாது.

இன்னொரு மூலமும் உண்டு, பெரியவர் அதைத்தான் சொன்னார்: "கம்பெனியிலேயே லே-ஆஃப் என்றால் பாதிதானே சார்?" உண்மைதான். அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் நான் அன்றாடம் புழங்கிய கணக்கு அது. கச்சாப்பொருள் இல்லை, இயந்திரம் பழுது என்று வேலை கொடுக்க முடியாத நாட்களுக்கு, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டின் கூட்டுத்தொகையில் பாதி. 50 பேருக்குக் குறைவான தொழிற்சாலைக்கே அது பொருந்தாது, வீட்டுக்கு எங்கே பொருந்தும்? இருந்தாலும் ஒப்பிட்டுத்தான் பார்ப்போமே என்றேன்.

அந்தப் பாதியை வாங்க வேண்டுமென்றால் தொழிலாளி தினமும் ஒருமுறை வேலை நேரத்தில் ஆலைக்கு வந்து தலைகாட்ட வேண்டும். அதாவது அங்கேயும் நேரத்தைக் கட்டிப்போட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் அது சில நாட்களுக்கான ஏற்பாடு. பன்னிரண்டு மாதத்துக்குள் 45 நாளைத் தாண்டினால் நிர்வாகம் ஆட்குறைப்புச் செய்யலாம் என்று சட்டமே வழிவிட்டது. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம்.

காகிதத்தை எடுத்தேன். மாதம் 5,000 என்றால் 15 நாளுக்கு 2,500. பதினோரு ஆண்டுக்கு 27,500. முன்னறிவிப்புக்குப் பதில் 5,000. மொத்தம் 32,500. ஆறு மாதமும் முழுச் சம்பளம் கொடுத்திருந்தால் 30,000 ஆகியிருக்கும். கம்பெனிக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பெரியவர் இன்னும் அதிகமாகத்தான் கொடுக்க வேண்டிவரும். வங்கிக்காரர் என்பதால் கூட்டலை ஒருமுறை சரிபார்த்தார். பிறகு கம்பெனி பேச்சை எடுக்கவில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது

அதிகமில்லை. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007இல் தனி நல வாரியம் அமைந்தது. பதிந்தவர்களுக்குப் பிள்ளைகளின் கல்விக்கு உதவி, விபத்து இழப்பீடு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று சில பயன்கள் உண்டு. வீட்டுக்காரர் ஊரில் இல்லாத மாதத்துச் சம்பளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2018இல் மாநில அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 37 முதல் 39 ரூபாய் என்று நிர்ணயித்தது. தினமும் இரண்டு மணி நேரம், முப்பது நாள் என்று வைத்தால் அதிகபட்சம் 2,340 ரூபாய். டீச்சர் கொடுத்த பாதிச் சம்பளமே அதைவிட அதிகம்! மேல்மாடிக்காரர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துப் பெரிய வாதமாக எடுத்துவந்தார். அடையாறில் மணிக்கு 39 ரூபாய்க்கு ஆள் பிடித்துக் காட்டுங்கள், பிறகு பேசலாம் என்று அனுப்பிவைத்தேன்.

எனக்கு உதவியாக இருந்தது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை. 2011இல் ஏற்கப்பட்டது, இந்தியா இன்னும் அதை உறுதிசெய்யவில்லை, ஆகவே யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதில் உருப்படியான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, சம்பளம், வேலை நேரம், விடுப்பு முதலிய நிபந்தனைகளைப் பணியாளருக்குப் புரியும்படி, முடிந்தால் எழுத்தில், தெரிவிக்க வேண்டும் என்பது. மற்றொன்று, கூப்பிட்டால் வருவதற்காகத் தன் நேரத்தைத் தன் விருப்பப்படி பயன்படுத்த முடியாமல் ஒருவர் காத்திருந்தால், அதையும் வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்பது. வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களைத்தான் இரண்டாவது விதி முக்கியமாகத் தொடுகிறது. ஆனாலும் டீச்சர் எதிர்பார்த்த 'ஒதுக்கி வைத்த' ஏழரை மணியை நினைத்துப் பார்க்க அது போதும். இந்தத் தகராறு முடிந்து இரண்டு மாதம் கழித்து, 2025 ஜனவரியில், வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வரும்வரை கூடத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் வழி.

முடிவானது

புது வீட்டை விட முடியாது என்பதில் பணியாளர் உறுதியாக இருந்தார். ஆகஸ்டில் கை கொடுத்தவர்களை நவம்பரில் கைவிட மாட்டேன் என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது. ஆகவே டீச்சர் வீட்டுக்கு அவர் பதினொன்றே முக்கால் முதல் ஒன்றரை வரை வருகிறார். காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது போயிற்று. அதற்குள் டீச்சரின் சமையல் முடிந்துவிடும். சம்பளம் அதே 5,000. டீச்சருக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. பணியாளருக்கும் இல்லை, வீடு போய்ச் சேர மூன்று மணி ஆகிறது.

பிளம்பருக்குக் கொடுத்த 400 ரூபாயை டீச்சர் உடனே எடுத்துக் கொடுத்தார். குழாய் விஷயம் அவருக்கு அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. குரல் செய்தி போயிருந்தது, பேத்தி பிறந்த அமளியில் யாரும் கேட்டிருக்கவில்லை. தீபாவளி போனஸில்தான் இழுபறி. ஆறு மாதம் வேலையே இல்லை, பாதி தருகிறேன் என்றார் டீச்சர். "இந்தப் பாதிப் பேச்சை இன்றோடு விடு" என்று பெரியவர் உள்ளே போய் முழு 5,000 எடுத்துவந்தார். அமெரிக்காவில் இருந்து வந்த கைப்பையும் சாக்லேட்டும் அதற்கு முன்பே கொடுத்தாயிற்று. அவற்றைப் போனஸ் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மட்டும் நான் இடையில் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த பயணத்துக்கென்று ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்தானது. 45 நாள் வரை வீட்டில் இல்லாவிட்டால் முழுச் சம்பளம், நேரம் அப்படியே இருக்கும். அதற்கு மேல் போனால் கிளம்பும் முன்பே இரண்டில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். நேரம் வேண்டுமென்றால் எத்தனை மாதமானாலும் முழுச் சம்பளம். வேண்டாமென்றால் ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து விடுவித்துவிட வேண்டும். அவர் வேறு வீடு பிடித்துக்கொள்ளலாம், திரும்பி வந்ததும் முதலில் அவரைக் கேட்க வேண்டும், வரமுடியாது என்றால் வருத்தம் கூடாது. வாராந்திர மேற்பார்வை தனி வேலை, ஒரு தடவைக்கு 200 ரூபாய்.

இந்த இரண்டாவது வழிக்கு ஆறு மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று டீச்சர் போட்டுப் பார்த்தார். 5,000 சம்பளம், இருபத்தாறு வாரத்துக்கு 5,200, ஆக 10,200. கொடுத்து மனஸ்தாபம் வாங்கிய 15,000ஐ விடக் குறைவு. யாருக்கும் எதுவும் ஒளிக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் நான்கு மாதத்துக்கு மேல் போகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம். பழகிய ஆளை இழக்க மனமில்லாதவர்கள் முழுச் சம்பளம் கொடுக்கட்டும். அமெரிக்க விமான டிக்கெட்டோடு வைத்துப் பார்த்தால் அது பெரிய தொகை இல்லை.

பணம் போகும் வழியையும் எழுதினோம். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி தானாகவே கணக்கில் ஏறும்படி கிளம்பும் முன் வங்கியில் சொல்லிவைப்பது. அண்ணன் மகன் வேண்டாம். குழாய், மின்சாரம் என்று அவசரத்துக்கு 2,000 ரூபாயைப் பணியாளரிடமே கொடுத்து வைப்பது, ரசீதைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும். தீபாவளி இடையில் வந்தால் போனஸ் தீபாவளிக்கு முன்பே போக வேண்டும். விடுவித்த பிறகு வந்தால், முந்தின தீபாவளியில் இருந்து வேலை பார்த்த மாதங்களுக்கு விகிதப்படி.

தாளில் டீச்சர் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். பணியாளர் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து, மேற்பார்வைக்கு 150 என்று இருந்ததை 200 ஆக்கச் சொல்லி, பிறகுதான் கையெழுத்துப் போட்டார். மேசையில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டார்.

அதே கட்டடத்தில் இரண்டு வீட்டார் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒருவர் தீபாவளி வரியை மட்டும் அடித்துவிட்டுக் கொடுத்தாராம். அங்கே வேலை செய்பவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.